ரோயிங் மெஷினில் மனதை விட்டுப் போகாத சம்பவம் ஏதாவது உண்டா?

தெற்குமாடவீதி:

எனக்கு ஒன்று மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

எங்கள் ஜிம்மில் ஓரமாக ஒரு கான்செப்ட் டூ கம்பெனி ரோயிங் மெஷின் கிடக்கிறது. அதன் ஃபேன் கூண்டில் ஒன்று முதல் பத்து வரை நகரும் லீவர் எப்போதும் பத்தில்தான் நிற்கும். யாராவது இறக்கி வைத்தால் அடுத்து வருபவர் ஏற்றிவிடுவார். ஒரு நாள் மாலை, அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். உட்கார்வதற்கு முன்பே லீவரை நாலுக்குத் தள்ளினார். பக்கத்தில் நின்ற பையன், "அங்கிள், அது லேடீஸ் லெவல்" என்றான். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். இழுக்கும்போது ஃபேன் ஒரு உறுமல் உறுமும். திரும்ப முன்னால் வரும்போது மனுஷரிடம் துளி அவசரம் கிடையாது. திரையை எட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 19 ஸ்ட்ரோக் (இழுப்பு), 500 மீட்டருக்கு 2:12, அதாவது 2 நிமிடம் 12 வினாடி. அந்தப் பையன் சற்று முன்புதான் பத்தில் வைத்து, 34 ஸ்ட்ரோக் போட்டு, 2:25இல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பெரியவர் முடித்ததும் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டுப் போனார். அதன்பின் கண்ணில் படவில்லை. எங்கே கற்றுக்கொண்டார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நைட்ஷிப்ட்நாடோடி:

என் கண்ணில் நிற்பது வேறு காட்சி. அலுவலக நண்பன், டெட்லிஃப்ட் எல்லாம் அசால்ட்டாகப் போடுபவன். 5,000 மீட்டர் முடித்துவிட்டு, கால் ஸ்ட்ராப்பைக் கழற்றக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. ஒரு கை ஸ்ட்ராப்பில், ஒரு கை தரையில், முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. "பிடிச்சுக்கிச்சுடா" என்றான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம்.

வலி அடங்கிய பிறகு ஃபிசியோ அவனை மறுபடி மெஷினில் உட்கார வைத்து, பக்கவாட்டில் ஃபோனை வைத்து வீடியோ எடுத்தார். முதல் சில நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. களைப்பு ஏறியதும் பாருங்கள்: காலை உதைக்கிறான், சீட் பின்னால் ஓடுகிறது, ஹேண்டில் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிட்டம் போய்விட்டது, தோள் வரவில்லை. நடுவில் மாட்டிய கீழ்முதுகுதான் வளைந்தபடியே மொத்த இழுவையையும் தாங்குகிறது. சீட் ஒரு சாண் நகர்ந்தால் ஹேண்டிலும் ஒரு சாண் நகர வேண்டும் என்றார்.

எத்தனை மணிக்குப் போகிறாய் என்றும் கேட்டார். காலை ஐந்தரை, எழுந்து பல் துலக்கிய கையோடு. தூங்கி எழுந்ததும் முதுகெலும்புத் தட்டுகள் நீர் கோத்துத் தடித்திருக்கும், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் இப்படிக் குனிந்து இழுக்கும் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது மாலையில் போகிறான்.

எடைதூக்கி:

தெற்குமாடவீதி, முதலில் ஒன்று. நாலு, பத்து என்பதெல்லாம் லெவலே இல்லை. ஃபேன் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதை முடிவு செய்யும் வாசல், அவ்வளவுதான். பத்தில் வைத்தால் நிறையக் காற்று, இரண்டு இழுப்புக்கு நடுவில் ஃபேன் சீக்கிரம் வேகம் இழக்கும், அதைக் கிளப்ப ஒவ்வொரு தடவையும் அதிக பலம் வேண்டும். எதில் வைத்தாலும் நீங்கள் எவ்வளவு வேலை செய்கிறீர்களோ அதைத்தான் திரை கணக்குப் போடும். நாலில் வைத்து 2:00 போனாலும் 203 வாட்தான், பத்தில் வைத்து 2:00 போனாலும் 203 வாட்தான். தயாரிப்பவர்களே மூன்றிலிருந்து ஐந்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

அந்த நாலுகூட எல்லா ஜிம்மிலும் ஒரே நாலு கிடையாது. கூண்டுக்குள் தூசி அடைத்திருந்தால் காற்று போகாது, பழைய மெஷினின் ஏழு புது மெஷினின் நாலாக இருக்கும். திரையின் மெனுவில் ட்ராக் ஃபேக்டர் (drag factor, ஃபேனைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) காட்டும் இடம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்து நாலைந்து இழுப்பு இழுத்தால் எண் வரும். 110 முதல் 130க்குள் வரும்படி லீவரை வைத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல எடுத்ததுமே கையால் இழுக்கிறார்கள். கை கடைசி. முன்னால் வந்து நிற்கும்போது முழங்கால் முதல் கணுக்கால் வரை செங்குத்தாக இருக்க வேண்டும், அதைத் தாண்டி மடங்கக் கூடாது. கை நேராக, தோள் இடுப்புக்குக் கொஞ்சம் முன்னால். சாய்வது இடுப்பு மூட்டிலிருந்து, முதுகைக் கூன் போட்டு அல்ல. அங்கிருந்து கால் உதைக்கிறது. கால் கிட்டத்தட்ட நீண்டதும் உடம்பு பின்னால் திறக்கிறது, கொஞ்சம்தான், ஈஸி சேர் சாய்வெல்லாம் கிடையாது. அதன்பிறகே கை, நெஞ்சுக்குக் கீழே விலா முடியும் இடத்துக்கு வருகிறது. திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை நீள வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், ஹேண்டில் முட்டியைத் தாண்டிய பிறகுதான் முட்டி மடங்க வேண்டும். முட்டியை முதலில் மடக்கினால் செயின் முட்டிமேல் ஏறி இறங்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இழுக்க ஒரு பங்கு நேரம் என்றால் திரும்ப இரண்டு பங்கு. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், விரல்கள் கொக்கியாக இருந்தால் போதும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. ஸ்ட்ராப் பாதத்தின் அகலமான இடத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும்.

என் கதை சின்னது. எனக்கு இதில் எதுவும் ஆனதில்லை.

கடலூர்க்காரி:

மூச்சு விடாமல் பாடம் எடுத்துவிட்டு "எனக்கு எதுவும் ஆனதில்லை"யாம் :)

எனக்கு மறக்காதது என் குர்த்தி. மாஸ்டர் வந்தார், "வயிறு குறைய சூப்பர், பண்ணுங்க மேடம்" என்றார், போய்விட்டார். அவ்வளவுதான் பயிற்சி. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது குர்த்தியின் பின்பக்கம் சீட்டுக்குக் கீழே உருளைக்குள் போய், சீட் சடாரென்று நின்றது. கையில் ஹேண்டில், கால் ஸ்ட்ராப்பில், துணி உருளையில். எழுந்திருக்கவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. கத்தரிக்கோல் கொண்டு வந்து ஒரு ஓரத்தை வெட்டித்தான் விடுவித்தார்கள். ரோயிங் மெஷினுக்குத் தொங்கும் உடையே வேண்டாம் என்று எந்த ஜிம்மிலும் எழுதி ஒட்டுவதில்லையே, ஏன்?

இன்னொன்று, எடைதூக்கி சார் சொல்லாதது. பாதம் வைக்கும் தட்டில் எண்கள் இருக்கும், உயரத்தை மாற்றலாம். என் கணுக்கால் அவ்வளவாக மடங்காது. எனக்கு முன் உட்கார்ந்தவர் வைத்த உயரத்திலேயே செய்தபோது முன்னால் வரும் நேரமெல்லாம் முதுகு தானாகக் கூன் போட்டது. பாதத்தைக் கீழே இறக்கி வைத்ததும் கூன் போய்விட்டது. "முதுகை நேரா வைங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட இதை ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அடையாற்றுப்பக்கம்:

முதல் பதிவில் வந்த பெரியவர் தண்ணீரில் துடுப்பு போட்டவராகத்தான் இருக்க வேண்டும். 19 ஸ்ட்ரோக்கில் அந்தப் பொறுமை ஜிம்மில் வராது.

என் பெரியப்பா மகன் இளவயதில் மெட்ராஸ் போட் கிளப்பில் துடுப்பு போட்டவர். 1867இலிருந்து இருக்கும் கிளப் அது, அடையாற்றில்தான் பயிற்சி. படகில் அவசரமாக முன்னால் வந்தால் உங்கள் எடை படகின் ஓட்டத்துக்கு எதிராகப் போகும், படகு அங்கேயே மட்டுப்படும், கூட இருப்பவர்கள் உடனே திட்டுவார்கள். மெஷின் திட்டாது என்பதுதான் அவருடைய பெரிய குறை.

ஒரு தடவை எங்கள் அபார்ட்மென்ட் ஜிம்முக்கு வந்தவர், நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து என் இரண்டு ஸ்ட்ராப்பையும் கழற்றிவிட்டு, "இப்ப பண்ணு" என்றார். முதல் இழுப்பிலேயே இரண்டு பாதமும் தட்டிலிருந்து மேலே எழும்பி, உடம்பு பின்னால் சரிந்தது. "உன் காலை ஸ்ட்ராப் இழுத்துக்கிட்டு வருது. நீ வரல" என்றார். கடைசி வரை பாதத்தால் தட்டை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்க முடியும், அப்படி அழுத்தினால் அதிகமாகப் பின்னால் சாயவும் முடியாது. எடைதூக்கி அத்தனை வரியில் எழுதியதை அந்த ஒரு இழுப்பு சொல்லிவிட்டது. மன்னிக்கவும் நண்பரே, ஸ்ட்ராப்பை இறுக்கச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை.

குமரிக்காற்று:

முதுகைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், விலாவைச் சொல்ல ஆளில்லை. என் தங்கை கல்லூரி விடுமுறையில் திடீரென்று தினமும் நீண்ட தூரம் போக ஆரம்பித்தாள். பக்கவாட்டில் ஒரு வலி. தசைப்பிடிப்பு என்று அம்மா எண்ணெய் போட்டு நீவிவிட்டார். ஒரு ராத்திரி இருமினாள், அப்படியே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஸ்கேனில்தான் விலா எலும்பில் கீறல் தெரிந்தது. துடுப்பு போடுபவர்களுக்கு வரும் விஷயம்தானாம், தூரத்தைச் சட்டென்று கூட்டினால். ஆழமாக மூச்சு இழுத்தால், இருமினால், தும்மினால் ஒரே இடத்தில் குத்துகிறதா? எண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எடைதூக்கி:

குமரிக்காற்று, தங்கச்சி இப்போது எப்படி இருக்கிறார்?

அடையாற்றுப்பக்கம், ஸ்ட்ராப் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்வதாக இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது 30 ஸ்ட்ரோக் வேகத்தில் கழற்றிவிட்டுப் பின்மண்டையை இடித்துக்கொண்டால்? உங்கள் அண்ணன் எந்த வேகத்தில் செய்யச் சொன்னார்?

அடையாற்றுப்பக்கம்:

18. அதுவும் வார்ம்-அப்புக்கு மட்டும்.

எடைதூக்கி:

இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே சார்.