"எல்லாமே கடவுள்" என்பதும் "கடவுளே இல்லை" என்பதும் ஒன்றுதானா?

திண்ணைவாசி:
1929-இல் நியூயார்க் யூத மதகுரு ஒருவர், கடவுளை நம்புகிறீர்களா என்று ஐன்ஸ்டைனிடம் தந்தியில் கேட்டார். மனிதர்களின் விதியிலும் செயலிலும் அக்கறை காட்டுகிற கடவுளை அல்ல, ஸ்பினோசாவின் (பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி) கடவுளை நம்புகிறேன் என்று பதில் வந்தது. இதை வைத்து, "பார்த்தீர்களா, ஐன்ஸ்டைனே ஆத்திகர்" என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்தக் கடவுள் வேண்டுதலைக் கேட்காது, வரம் தராது, தண்டிக்காது. வெளியே நின்று உலகத்தைப் படைக்கவும் இல்லை, உலகமேதான் அது. இயற்கை என்று ஏற்கனவே ஒரு பெயர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நாத்திகத்தை நாசூக்காகச் சொல்வதுதான் இது என்றார் ஜெர்மன் தத்துவஞானி ஷோபன்ஹவர். நானும் அந்தக் கட்சி.

நெய்தல்:
தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதுதானே? அவர்களெல்லாம் நாத்திகர்களா?

திண்ணைவாசி:
அது வேறு கதை மேடம். தூணில் இருந்தவர் தூணைப் பிளந்துகொண்டு வந்தார், பிரகலாதன் பக்கம் நின்றார். ஸ்பினோசா கணக்கில் தூணும் அதுதான், இரணியனும் அதுதான், அவன் வயிற்றைக் கிழித்த நகமும் அதுதான். இதில் யார் யாரைக் காப்பாற்றுவது?

நெய்தல்:
சரி, உதாரணம் தப்பு, வாபஸ். ஆனால் நீங்கள் சொல்லும் 'இயற்கை' கல், மண், அணு. ஸ்பினோசா சொல்வது அது மட்டுமில்லை. இருப்பது ஒரே பொருள். அதற்கு எண்ணற்ற பண்புகள், நமக்குத் தெரிந்தவை இடத்தில் பரந்திருப்பது, சிந்தனை என்ற இரண்டே இரண்டு. சிந்தனை மூளை சுரக்கிற ஏதோ ஒன்றல்ல, அடித்தளத்திலேயே இருக்கிறது. உங்கள் நாத்திகச் சங்கத்தில் எத்தனை பேர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்?

கடைசிபெஞ்ச்:
1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சபை ஸ்பினோசாவைச் சபித்து விலக்கிவைத்தது. வயது 23. யாரும் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, நாலு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஜெர்மன் கவிஞர் நோவாலிஸ் அதே ஆளைக் கடவுள் போதை ஏறியவர் என்றார். நான் பாப்கார்னோடு உட்காருகிறேன்.

திண்ணைவாசி:
நெய்தல் மேடம், சிந்தனை விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். எல்லாமே ஜடம்தான் என்கிற பொருள்முதல்வாதி அதை ஏற்கமாட்டான். ஆனால் நாத்திகன் எல்லோரும் பொருள்முதல்வாதி இல்லையே. ஸ்பினோசாவே சொன்ன உதாரணத்தைப் பாருங்கள். கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் சாகிறான். காற்று அடித்தது என்றால், ஏன் அப்போது அடித்தது? அவன் ஏன் அந்த வழியாகப் போனான்? ஏன், ஏன் என்று குடைந்துகொண்டே போய்க் கடைசியில் 'கடவுள் சித்தம்' என்று ஒதுங்குவார்கள். அது அறியாமையின் புகலிடம் என்றார். இதைவிட நாத்திகமாக யார் பேசிவிட முடியும்?

ஊர்க்குருவி:
படிப்பு விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது. போன வருஷம் அப்பா ஐசியூவில் இருந்தார். நான் நாத்திகன். கூட இருந்த நண்பன் ஸ்பினோசா பைத்தியம். விடிய விடிய வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தோம், இரண்டு பேருக்கும் வேண்டிக்கொள்ள ஆள் இல்லை. நான் டூட்டி டாக்டரிடம் இரண்டு தடவை சண்டை போட்டேன். அவன் டீ வாங்கி வந்து, "நடப்பது இப்படித்தான் நடந்திருக்க முடியும்டா" என்றான். அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவன் உண்மையாகவே அமைதியாக இருந்தான். அந்த வித்தியாசத்தை எதில் சேர்ப்பீர்கள்?

திண்ணைவாசி:
சுபாவத்தில். அப்பா உங்கள் அப்பா, அவனுடையவர் இல்லை என்பதிலும்.

ஊர்க்குருவி:
அதுவும் சரிதான்.

நெய்தல்:
அப்படித் தள்ளிவிட முடியாது. கடவுளை நேசிப்பவன் கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்கவேண்டும் என்று ஆசைப்பட முடியாது என்று ஸ்பினோசா எழுதியிருக்கிறார். பேச்சு நேசத்தைப் பற்றியது சார். நீங்கள் புவியீர்ப்பை நேசிக்கிறீர்களா?

திண்ணைவாசி:
திருப்பி நேசிக்காத ஒன்றை நேசிக்கக் கடவுள் எதற்கு? வீட்டில் பூனை இருக்கிறது.

நெய்தல்:
பூனை பசித்தாலாவது உங்களிடம் வரும்.