மகரந்தச் சேர்க்கையாளரா, சேர்ப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மே 20, உலகத் தேனீ நாளுக்காகச் சுவரொட்டியும் சிறு கையேடும் தயாராகின்றன. 'பாலினேட்டர்' (பூவின் மகரந்தத்தை, பெண் பகுதியின் நுனியான சூல்முடிக்குக் கொண்டு சேர்க்கும் உயிர்) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இடத்தில்தான் எழுத்து நிற்கிறது. இதுவரை 'மகரந்தச் சேர்க்கையாளர்' என்றே எழுதிவந்தேன். போன கூட்டத்தில் ஒரு சிறுமி, "அவர் நம்ம தோட்டத்துக்கு எப்ப வருவார்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தொழிலாளர், பேச்சாளர் என்று நாம் பழகிய 'ஆளர்' எல்லாம் மனிதர்தானே.

'மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள்' என்றால் வௌவாலும் தேன்சிட்டும் விடுபடுகின்றன. பூச்சி என்றதும் பலருக்கு மருந்தடிக்கும் நினைப்பு வேறு வந்துவிடுகிறது. வெறுமனே 'தேனீக்கள்' என்பதும் போதாது. உலகில் 20,000 தேனீ இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேன் சேமிப்பதுமில்லை. மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவையே அதிகம். ஒரு தேன்பெட்டி வைத்துவிட்டு, தோட்டத்து வெறுந்தரை முழுவதற்கும் சிமென்ட் பூசுகிறவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்காக முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட 'தாதூதி' (தாது என்பது மகரந்தம்; ஊதுவது என்றால் பூவை மொய்த்து உண்பது) எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழம்பாடல்களின் மணம் அதில் இருக்கிறது. ஆனால் பொருள் சரியாக உட்காரவில்லை. மரம் துளைக்கும் கருவண்டைப் பாருங்கள் (அதுவும் தேனீ வகைதான்). கத்தரிப் பூவில் தாதுப்பை குழல்போல மூடியிருக்கும், நுனியில் மட்டும் சிறு துளை. கருவண்டு பூவைக் கவ்வித் தொங்கிக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை அதிரவைக்கும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் எழும், மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீயால் இது முடியாது. அதே கருவண்டு நீண்ட குழல்பூவுக்குப் போனால், அடியில் ஓட்டை போட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். சூல்முடிக்குப் பெரும்பாலும் ஒரு துகளும் போகாது. இரண்டு இடத்திலும் அது ஊதுகிறது, ஒன்றில்தான் சேர்க்கிறது. நமக்கு வேண்டிய சொல் உயிரின் பெயரல்ல, அது செய்யும் வேலையின் பெயர்.

அதனால் 'மகரந்தச் சேர்ப்பி' என்று முன்வைக்கிறேன். பாலூட்டி, தாவர உண்ணி போன்ற சொற்களில் இந்த 'இ' விகுதி ஏற்கெனவே உயிர்களுக்கு வழங்குகிறது. 'கொண்டுபோய்ச் சேர்' என்ற பேச்சுவழக்கும் உள்ளே இருக்கிறது. 'பூந்தாது சேர்ப்பி' என்றும் சொல்லலாம். ஆனால் தாது என்றால் கனிமமும் நினைவுக்கு வரும். மகரந்தமோ பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல். 'கடத்தி' வேண்டாம், அது மின்சாரத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒரு சந்தேகம். ஆப்பிள் தோட்டங்களில் மகரந்தம் கிடைப்பதற்காகவே வேறு ரக மரத்தை இடையில் நடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது 'பாலினைசர்'. இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன. அதை 'மகரந்தக் கொடைமரம்' எனலாமா? செடி, கொடிக்கும் பொருந்துகிற சொல் தோன்றினால் எழுதுங்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன்.