ருசி கம்மியா தெரியுது, இதுக்கு பேர் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு ரெண்டு மாசமா உப்பு, இனிப்பு எதுவும் சரியா தெரியல, சுத்தமா போகல ஆனா மங்கலா இருக்குன்னு சொல்றாங்க, சாப்பாடே குறைஞ்சு போச்சு. டாக்டருங்க இதுக்கு என்ன பேர் சொல்லுவாங்க?

பதில்: ஹைப்போகூசியா. சுத்தமா போயிட்டா ஏகூசியா.

பதில்: மூக்க பொத்திக்கிட்டு நாக்குல சர்க்கரை வச்சு பாக்கச் சொல்லுங்க, இனிப்பு நல்லா தெரிஞ்சா நாக்கு ஓகே, பிரச்சனை மூக்குலயா இருக்கலாம், நாம ருசின்னு நினைக்கறதுல பெரும்பகுதி வாசனைதான்.

பதில்: புதுசா மாத்திரை ஆரம்பிச்சாங்களா? கேப்டோப்ரில் மாதிரி சில பிரஷர் மாத்திரையால வரும், உடம்புல துத்தநாகம் கம்மியானாலும் வாய் வறண்டாலும் வரும். நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்.

கேட்டவர்: ஆமாங்க, அப்பதான் பிரஷர் மாத்திரைய மாத்துனாங்க! நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்.