மறு: ஃப்ரஸ்ட்ரேஷனுக்குத் தமிழ் என்ன? (விரக்தி சரியில்லை)

குழுவிலுள்ள அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஃப்ரஸ்ட்ரேஷன் (frustration) என்ற உளவியல் சொல்லுக்குப் பாடநூல் சொல்கிற ‘மனமுறிவு’ போதுமா, ‘விரக்தி’ சரியா, வேறு சொல் வேண்டுமா என்று பத்து நாளாக ஓடுகிற இந்த இழையைப் படித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். விடைத்தாள் திருத்துகிற வேலை. நேற்றுதான் முடிந்தது. அந்த விடைத்தாள் கட்டுக்குள்தான் இந்தச் சொல் என் கழுத்தைப் பிடித்தது, அதனால் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

கல்வி உளவியல் தாள். ‘மனமுறிவுக்கான காரணங்களை விளக்குக’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. அச்சில் றன்னகரம் டண்ணகரமாகி ‘மணமுறிவு’ என்று வந்துவிட்டது. பாதிப் பேர் வரதட்சணை, குடி, மாமியார் கொடுமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை குடும்பநல நீதிமன்றம், ஜீவனாம்சம் வரைக்கும் போய்விட்டது. மதிப்பெண் போடாமல் எப்படி இருப்பது? கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தானே.

> மனமுறிவு பாடநூலில் ஏறி உட்கார்ந்த சொல். ஏறிய சொல்லை இறக்கக் கூடாது.

சென்னை ஐயா எழுதியது. ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். நுண்ணறிவு (இன்டெலிஜென்ஸ்), மனவெழுச்சி (எமோஷன்), உட்காட்சி (இன்சைட்) இவற்றில் கைவைக்க மாட்டேன். மனவெழுச்சி என்பது நல்ல சொல்லும்கூட. உள்ளே ஏதோ எழும்பி வருவது காதில் விழுகிறது. ஆனால் மனமுறிவு அச்சுப்பிழைக்கு இடம் கொடுப்பது மட்டும் இல்லை, பொருளையே தப்பாகக் காட்டுகிறது. முறிந்தது என்றால் கதை முடிந்தது. ஃப்ரஸ்ட்ரேஷனில் எதுவுமே முடிவதில்லை. அதுதானே அதன் தொல்லை.

1939-ல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து டொலார்டு, டூப், மில்லர், மவ்ரர், சியர்ஸ் என்று ஐந்து பேர் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் வரையறையைத்தான் இன்னமும் வகுப்பில் சொல்கிறோம். ஒரு இலக்கை நோக்கிக் கிளம்பிவிட்ட செயலை, அது நடக்கவேண்டிய நேரத்தில் நடக்கவிடாமல் ஏதோ ஒன்று குறுக்கிடுவது. அவர்கள் காட்டுகிற உதாரணம் ஜேம்ஸ் என்ற நாலு வயதுப் பையன். வெயிலான பிற்பகல், மூன்றரை மணி, தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணிச்சத்தம். பையன் அம்மாவிடம் ஓடுகிறான். நம் தெருவில் சேமியா ஐஸ்காரர் சத்தம் கேட்டால் பிள்ளைகள் செய்வதுதான். அம்மா ‘இப்ப கிடையாது’ என்கிறாள் என்று வையுங்கள். அந்த நிமிடம் அவனுக்கு மனம் முறிந்துவிட்டதா? தரையில் விழுந்து புரண்டு, கிடைத்ததை உதைக்கிறானே, அது மனம் முறிந்தவன் செய்கிற வேலையா?

அடுத்து விரக்தி. பெங்களூர்த் தம்பி ‘எல்லாரும் புழங்குகிற சொல்’ என்கிறார். புழங்குகிறார்கள், சரி. ஆனால் அந்த வடசொல்லுக்குப் பற்று விட்டுப்போவது என்று பொருள். வீரசைவத்தில் விரக்தர் என்றால் துறவி. ஆசையை விட்டவரைச் சொல்கிற சொல்லை, ஆசை தலைக்கேறி நிற்கிறவனுக்கு எப்படிச் சூட்டுவது? நாளிதழ்கள் ‘வாழ்க்கையில் விரக்தி அடைந்து’ என்று எழுதுவது பழைய பொருளுக்குப் பக்கத்திலாவது நிற்கிறது. நாம் எழுதுவது அதற்கு நேர் எதிர்.

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி வாகையடி முக்கில் நின்றவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். நெல்லையப்பர் தேரைத் திருப்ப வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கட்டை கிடக்கிறது. வடத்தில் அத்தனை பேரும் தொங்குகிறார்கள். வடம் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது. கையில் பிடித்தால் அதிர்வது தெரியும். முன்னால் நிற்பவனின் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. தேர் ஒரு விரல்கடைகூட நகரவில்லை. இந்த நிலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். வடத்தைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனால் அது விரக்தி. வடம் அறுந்தால் மனமுறிவு. தேர் நிலைக்கு வந்தபிறகு உள்ளே சாமி இல்லை என்று தெரிந்தால் ஏமாற்றம்.

ஏமாற்றத்தையும் ஒரு தம்பி முன்வைத்திருந்தார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1928-ல் டிங்கில்பா என்ற ஆய்வாளர் குரங்கின் கண்ணெதிரே ஒரு கிண்ணத்துக்கு அடியில் வாழைப்பழத்தை வைத்துவிட்டு, அதற்குத் தெரியாமல் எடுத்துவிட்டுக் கீரை இலையை வைத்தார். குரங்கு வந்து கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தது, இலையைத் தொடவில்லை, சுற்றுமுற்றும் தேடியது, ஆய்வாளரைப் பார்த்துக் கத்தியது. இது ஏமாற்றம். எதிர்பார்த்தது வேறு, இருந்தது வேறு. கிண்ணத்தையே தூக்க முடியாதபடி ஆணி அடித்து வைத்திருந்தால்தான் அது நம் கேஸ். இரண்டும் அடிக்கடி சேர்ந்து வரும். அதற்காக ஒரே பெயர் வைக்க முடியாது.

இன்னொரு சோதனை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. 1952-ல் ஆம்செலும் ரூசலும் எலிகளை வைத்துச் செய்தது. ஒரு ஓடுபாதை, அதன் முடிவில் பெட்டி, பெட்டிக்குள் தீனி. அங்கிருந்து இரண்டாவது ஓடுபாதை, அதன் முடிவிலும் தீனி. எலிகள் நன்றாகப் பழகியபிறகு, முதல் பெட்டியில் சில தடவை மட்டும் தீனி வைக்காமல் விட்டார்கள். வெறும் பெட்டியை முகர்ந்துவிட்டு வந்த எலி, இரண்டாவது பாதையில் தீனி கிடைத்த நாளைவிட வேகமாக ஓடியது. விரக்தி அடைந்த எலி ஓடுமா? சுருண்டு படுத்திருக்கும். இழுப்பு கூடுகிறது, குறைவதில்லை. சொல்லிலும் அந்த இழுப்பு இருந்தாக வேண்டும்.

எனக்கே நடந்ததையும் சொல்கிறேன். டவுணில் ஒரு அல்வாக் கடை, சாயங்காலம் வரிசை. ஒரு தடவை வரிசையின் வாலில் நின்றேன், எனக்கு முன்னால் ஒருவர் புகுந்தார். ‘போட்டும், என்ன அவசரமோ’ என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அதே கடை. எனக்கு முன்னால் மூன்றே பேர். இலையில் வைத்துக் கொடுக்கிற நூறு கிராம் அல்வாவில் நெய் வழிவது கண்ணுக்குத் தெரிகிறது, வாசம் மூக்கில் ஏறுகிறது. தட்டில் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்தார். நான் போட்ட சத்தத்தில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என்னிடம் படித்த பையன் ஒருவன் வேறு நாலு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அல்வாவும் தீர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து காப்பியில் சீனி இல்லை என்று எரிந்து விழுந்தது தனிக் கதை. பிறகுதான் 1974-ல் மேரி ஹாரிஸ் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அவர் ஆள் வைத்து வரிசைகளுக்குள் புகச் செய்தார், சில இடங்களில் இரண்டாவதாக நிற்பவருக்கு முன்னால், சில இடங்களில் பன்னிரண்டாவதாக நிற்பவருக்கு முன்னால். இரண்டாம் ஆள்தான் அதிகம் சீறினார். கைக்கு எட்டும் தூரத்தில் தடுத்தால் கொதிப்பு கூடும்.

> தடைச்சினம் என்றே வைத்துவிடலாமே, காரணமும் விளைவும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

கடையநல்லூர் அண்ணாச்சி, அல்வாக் கதையைச் சொன்ன கையோடு உங்களை மறுக்கிறேன், கோவிக்காதீர்கள். சினம் விளைவுகளில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஐந்து பேரில் ஒருவரான மில்லரே, தடைபட்டால் தாக்குதல்தான் வரும் என்ற தங்கள் கருத்தை 1941-ல் திருத்திக்கொண்டார்: தடைபட்டவன் பலவிதமாக நடந்துகொள்ளலாம், தாக்குவது அதில் ஒன்று என்று. அதே ஆண்டு பார்க்கர், டெம்போ, லெவின் மூவரும் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு அருமையான பொம்மைகளைக் காட்டி ஆடவிட்டு, பிறகு அவற்றைக் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் அடைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. இந்தப்பக்கம் இருந்த பொம்மைகளோடு பிள்ளைகள் ஆடிய ஆட்டம் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்த குழந்தையின் ஆட்டம்போல ஆகிவிட்டது. அதில் சினம் மட்டுமா இருக்கிறது?

இன்னொன்று. தொல்காப்பியம் வெகுளிக்கு, அதாவது சினத்துக்கு, நாலு காரணம் சொல்கிறது: உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்வது), அலை (வைவதும் அடிப்பதும்), கொலை. நாலுமே இன்னொருவன் செய்கிற தீங்கு. மனம் தடைபட எதிராளியே தேவையில்லை. குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போய், தண்ணீர் அதிகம் என்று அருவிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தால் யார்மேல் சினப்பது? மேகத்தின்மேலா?

வள்ளியூர்த் தம்பி எழுதிய ‘வெப்ராளம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பு பற்றாவிட்டால், பஸ் கண்முன்னால் போய்விட்டால், ‘என்னா வெப்ராளமா வருது’ என்பாள். சொல்லுக்குள்ளேயே வெப்பு இருக்கிறது. ஆனால் தம்பி, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தாலும் அவளுக்கு வெப்ராளம்தான். அக்கா மகள் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலும் அதேதான். பொறாமை, ஆற்றாமை, துக்கம் எல்லாம் ஒரே பானையில். வகுப்பில் விளக்க நான் அதைத்தான் சொல்வேன். கலைச்சொல்லாக்கினால் தாங்காது.

என் முன்மொழிவு இது. ‘மூச்சு முட்டுது’ என்கிறோம். மூச்சு வெளியே வரத் துடிக்கிறது, வழி இல்லை. ‘கண்ணீர் முட்டிக்கிட்டு நிக்குது’ என்கிறோம். உள்ளிருந்து வருகிற தள்ளலும் எதிரே நிற்கிற தடையும் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. தேர்ச்சக்கரத்துக்குப் போடுகிற முட்டுக்கட்டையும் அதே வேர்தான். ஆகவே மனமுட்டு.

அந்த ஐந்து பேர் சொன்னது மனமுட்டு–வன்செயல் கருதுகோள். ஃப்ரஸ்ட்ரேஷன் டாலரன்ஸ் என்பது மனமுட்டுத் தாங்குதிறன். ‘அந்தப் பிள்ளைக்குத் தாங்குதிறன் குறைவு, கணக்கு வராவிட்டால் பென்சிலை ஒடிக்கிறான்.’ வாயில் ஒட்டுகிறது. முட்டு பல நாள் நீடித்து, இழுத்தும் பயனில்லை என்று கையை விட்டுவிடுகிற நிலை வேறு. தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் கிடந்ததை 1967-ல் செலிக்மனும் மெயரும் காட்டினார்களே, அந்த லேர்ன்ட் ஹெல்ப்லெஸ்னெஸுக்குக் ‘கற்ற கையறவு’ என்று வைக்கலாம். அது தனி இழைக்கான விஷயம், இப்போது விடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
திருத்தின கை வலியோடு

---

> ஆகவே மனமுட்டு.

தம்பி, காரணம் எல்லாம் அழகாகச் சொன்னீர்கள், தேர் உவமை நெஞ்சில் நிற்கிறது. ஆனால் ‘முட்டு’ என்றால் சில பக்கம் பெண்களின் மாதத் தீட்டு. உங்கள் வகுப்பில் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பினால் உங்களுக்குக் காரணம் தெரியாது, பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள். அதுபோகட்டும், இணையத்தில் ‘முட்டுக் கொடுக்கிறது’ என்றால் என்ன என்று என் மகனிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறது என்பான். கட்சிக்காரர்கள் மனமுட்டு என்பதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ‘மனமுட்டல்’ என்று நீட்டினால் இரண்டு தொல்லையும் போகும். மூச்சுமுட்டல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குத் தங்கச்சி மாதிரி நிற்கும்.

அம்பாசமுத்திரம் அக்கா

---

> மனமுட்டல் என்று நீட்டினால்

அக்கா, தலை வணங்குகிறேன். எனக்குத் தோன்றவே இல்லை. மனமுட்டல்தான்.

சென்னை ஐயா தனியாக எழுதியிருந்தார், அனுமதியோடு ஒரு வரி: ‘மாறவில்லை நான். ஆனால் அடைப்புக்குறிக்குள் உங்கள் சொல்லையும் போட ஆட்சேபம் இல்லை.’ ஐயாவிடமிருந்து இதுவே பெரிசு.

இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கொடுக்குமுன்பே ஒரு மாணவி கேட்டாள்: “சார், ரிசல்ட் பக்கம் பாதி வந்து அப்படியே சுத்திக்கிட்டே நிக்குமே, அதுவா?” அதுதான் என்றேன். சிரிப்பு வரவில்லை, அக்கா.

ஒன்று மட்டும் பாக்கி. பெயர் வந்துவிட்டது, பெயரடை வரவில்லை. ‘ஃப்ரஸ்ட்ரேட்டிங்கான வேலை’ என்பதை எப்படி எழுதுவது? மனமுட்டலூட்டும் வேலை என்றால் யாரோ சோறு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது. ‘மனம் முட்டவைக்கிற வேலை’ என்று பிரித்தே எழுதலாமா? வியாழக்கிழமைக்குள் பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.