அமெரிக்கப் பள்ளிகளில் மத கிளப்: டீச்சர், பெற்றோர், மாணவர் அனுபவங்கள்

கெமிஸ்ட்ரி டீச்சர், வட கரோலினா

வீட்டில் விளக்கேற்றாமல் வேலைக்குக் கிளம்பாதவள் நான். எங்கள் ஹை ஸ்கூல் பைபிள் கிளப்புக்கு ஸ்பான்சரும் நான்தான். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையும், கூட இருக்க ஒரு டீச்சரும் வேண்டியிருந்தது. வந்து கேட்டார்கள், சரி என்றேன். "அங்க போய் மதம் மாறிட்டியா?" என்று சித்தி போனில் பதறிவிட்டார்.

இதற்கு அடிப்படை 1984-இல் வந்த ஈக்வல் ஆக்சஸ் சட்டம். மத்திய அரசின் பணம் வாங்கும் அரசு ஹை ஸ்கூல், பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு கிளப்பை அனுமதித்தாலும் போதும். மதம் பேசுகிறார்கள் என்று சொல்லி இன்னொரு கிளப்பைத் தடுக்க முடியாது. நெப்ராஸ்காவின் ஓமஹாவில் செஸ் கிளப்புக்கும் ஸ்கூபா டைவிங் கிளப்புக்கும் இடம் கொடுத்த பள்ளி, பிரிட்ஜெட் மெர்கன்ஸ் என்ற மாணவி கேட்ட கிறிஸ்தவ கிளப்புக்கு மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1990-இல் மாணவி பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே சட்டம் டீச்சருக்கும் ஒரு கோடு போடுகிறது: மதக் கூட்டத்தில் உடன் இருக்கலாம், கலந்துகொள்ளக் கூடாது.

படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கூட்டத்தின் முடிவில் எல்லோரும் ஜெபிக்க வட்டமாக நின்று கைகோத்தார்கள். அதில் ஒரு பெண், என் வகுப்பு மாணவி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "மிஸ், திங்கட்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். நீங்களும் வாங்களேன்." கண் கலங்கியிருந்தது. எழுந்து போய் அந்தக் கையைப் பிடிக்கத்தான் மனசு துடித்தது. "நான் இங்கேயே இருக்கேன்மா, நீங்க பண்ணுங்க" என்றேன். எல்லோரும் போனபிறகு அவளை உட்காரவைத்து அம்மாவைப் பற்றி விசாரித்தேன், லேப் ரிப்போர்ட்டுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஏன் போகவில்லை? நண்பனோடு சும்மா வந்த ஒரு பையன் வட்டத்துக்கு வெளியே, பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தான். அவனுக்கும் மார்க் போடுவது நான்தான். நானே போய்ச் சேர்ந்துகொண்டால் அவன் எப்படி ஒதுங்கி நிற்பான்?

இன்னொன்று. பக்கத்து சர்ச்சிலிருந்து இளைஞர் பாஸ்டர் ஒருவர் வாரம் தவறாமல் டோனட் பெட்டியோடு வர ஆரம்பித்தார். நல்ல மனிதர். ஆனால் வெளியாட்கள் கிளப்பை நடத்தவோ தொடர்ந்து வரவோ சட்டம் இடம் தரவில்லை. கிளப் தலைவியைக் கூப்பிட்டு விளக்கினேன். அவளே அவரிடம் பேசிவிட்டாள். அதன்பிறகு வேத வசனத்தைப் பிள்ளைகளே எடுத்துப் பேசினார்கள். தடுமாறினார்கள், வாதாடினார்கள். கிளப் முன்பைவிட உயிரோடு இருந்தது.

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் அம்மா

அக்கா, ஹை ஸ்கூலில் நீங்கள் சொல்வது சரி. எலிமெண்டரியில் நிலைமை வேறு. மகளின் பையில், சின்னப் பிள்ளைகளுக்கு பைபிள் கதை சொல்லும் 'குட் நியூஸ் கிளப்' நோட்டீஸ் வந்தது, கூடவே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு ஃபார்ம். நான் போடவில்லை. மறுவாரம் மகள் கேட்டாள்: "நம்ம மிஸ்தானே கதை சொல்றாங்க, அப்போ அது ஸ்கூல் பாடம்தானே, நான் மட்டும் ஏன் போகக்கூடாது?" பள்ளி விட்டதும் நடக்கிறது, அதே கட்டடம், அதே டீச்சர். ஏழு வயசுப் பிள்ளை எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

பிரின்சிபலைப் பார்த்தேன், மரியாதையாகவே பேசினார். நியூயார்க் மாநிலத்தின் மில்ஃபோர்ட் வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம், மற்ற அமைப்புகளுக்குத் திறந்த பள்ளியை இந்தக் கிளப்புக்கு மட்டும் மூடக்கூடாது என்று சொல்லிவிட்டது. தெற்கு டகோட்டா மாநிலத்தின் சியூ ஃபால்ஸ் வழக்கில் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை நேரம் முடிந்தபின் டீச்சர் தனிமனிதராகக் கலந்துகொள்ளலாம் என்றது. சட்டம் அனுமதிக்கிறது என்பது புரிகிறது. ஆனாலும் தன் வகுப்புக் குழந்தைகளுக்கே அந்த மிஸ் பைபிள் கதை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன், போட்டார்கள். அது பெற்றோருக்கு உதவும். மகள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கல்லூரி மாணவன், நியூ ஜெர்சி

எங்க பூர்வீகம் காயல்பட்டினம். ஹை ஸ்கூலில் முஸ்லிம் மாணவர் கிளப் நடத்தினோம். ஸ்பான்சர் ஒரு மேத்ஸ் சார், ஞாயிறு தவறாமல் சர்ச் போகிறவர். ரமலானில் லஞ்ச் நேரத்தில் லுஹர் (மதியத் தொழுகை) தொழ அவர் ரூமைத்தான் திறந்துவிடுவார். ஓரமாக உட்கார்ந்து பேப்பர் திருத்துவார். உங்கள் மதத்தில் ஏன் இப்படி, எங்கள் மதத்தில் இப்படி என்று நான்கு வருஷமும் ஒரு வார்த்தை வந்ததில்லை. அவரிடம் எதையும் பேசலாம் என்று எங்களுக்குத் தோன்றியது அதனால்தான். டீச்சர், ஒரு சந்தேகம்: அந்த ஃபுட்பால் கோச் தீர்ப்புக்கு அப்புறம் இதெல்லாம் மாறிவிட்டதா?

கெமிஸ்ட்ரி டீச்சர், வட கரோலினா

தம்பி, வாஷிங்டன் மாநிலம் பிரெமர்ட்டன் கோச் வழக்கைச் சொல்கிறீர்கள். ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்தவர். 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அது அவருடைய சொந்த ஜெபம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். மதக் கூட்டத்தில் டீச்சர் கலந்துகொள்ளக் கூடாது என்று ஈக்வல் ஆக்சஸ் சட்டத்தில் இருக்கும் வரி மாறவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு மாறியிருக்கிறது. "இனிமேல் நாமும் பிள்ளைகளோடு ஜெபிக்கலாம்" என்று ஒரு சக ஆசிரியர் என்னிடமே சொன்னார். கிளப்பில் கூடாது என்று அந்த வரியைக் காட்டினேன்.

தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளி மணிக்கும் கிளப்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து, கையெழுத்துப் போட்டு, வேறு ரூமுக்குப் போகட்டும். அந்த மிஸ்ஸிடமும் நேரில் பேசுங்கள். உங்கள் மகள் என்ன கேட்டாள் என்பதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். கிளப்பில் இருந்தாலும் அவர் டீச்சர்தான், அந்தக் கேள்வி அவருக்குப் புரியும்.