சூடானால் நின்றுவிடும் 1992 ரோட்ஸ்டர், பெற்றோல் பம்ப் மாற்றியும் தீரவில்லை

கல்லடி ரோட்ஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1992 இயூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டாவின் துணிக்கூரை போட்ட இரண்டு சீட் கார்), 1.6 எஞ்சின், மெனுவல் கியர். மாமா வெளிநாடு போகும்போது தந்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு வேலையெல்லாம் நானேதான் செய்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றினேன், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மாற்றினேன். ஆனால் இந்தப் பிரச்சினை மட்டும் இரண்டு மாதமாகப் பிடிபடவில்லை.

காலையில் திறப்பைத் திருப்பிய உடனே ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும். மத்தியானம் கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் கல்முனைப் பக்கம் போனால் களுவாஞ்சிகுடி தாண்டும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றுவிடும். இழுப்புக் குறைவது, இடறுவது எதுவும் இல்லை, சுவிட்ச் ஓஃப் செய்த மாதிரி நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மரநிழலில் 20, 25 நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். தண்ணி மீற்றர் எப்போதும் நடுவில்தான், ரேடியேற்றரில் தண்ணியும் குறையவில்லை.

ஒரு கராஜில் காட்டினேன். திறப்பை ஓன் செய்தால் பம்ப் சத்தம் வரவில்லை, பம்ப் போய்விட்டது என்றார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்து 38,000 ரூபாய்க்குப் பூட்டினேன். புதுப் பம்பும் சத்தம் போடவில்லை, வண்டியும் அதே இடத்தில் நிற்கிறது. அடுத்து ஈசியூவை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரை, மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு காசு போடுவதற்கு முன்னால் கேட்கலாம் என்று வந்தேன்.

காத்தான்குடி நானா

தம்பி, முதலில் மெயின் ரிலேயை, எஞ்சினுக்குக் கரண்ட் விடும் சுவிட்சை, பாருங்கள். இந்த வண்டிகளில் சூட்டுக்கு அதன் உள் சாலிடர் வெடித்துவிடும், ஆறினால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் போனட்டைத் திறந்து பியூஸ் பெட்டியில் அந்த ரிலேயில் கையை வைத்துக்கொண்டு, இன்னொருவரைத் திறப்பை ஓன் செய்யச் சொல்லுங்கள். டிக் என்று விரலில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அதுதான் ஆள். ரிலேக்கு அதிகம் செலவும் இல்லை.

இன்னொன்று, டிக்கிக்குள் என்ன பற்றரி வைத்திருக்கிறீர்கள்? இந்த வண்டிக்குப் பற்றரி பின்னால்தான். காற்றுக்குழாய் இல்லாத சாதாரண பற்றரியை அங்கே வைத்தால் அமில ஆவி கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தைத் தின்னும், ஏர்த் வயரின் முனையையும் தின்னும். கல்லடியில் கடல் காற்று வேறு. அதையும் ஒருக்கால் பாருங்கள்.

அக்கரைப்பற்று வயர்காரன்

ஈசியூவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பம்புக்கும் கொடுத்திருக்கத் தேவையில்லை, அதைக் கேட்கவே கவலையாக இருக்கிறது. 1.6 ரோட்ஸ்டரில் திறப்பை ஓன் செய்தால் பம்ப் ஓடாது. அந்த வண்டியின் அமைப்பே அப்படி. ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்ப் ஓடத் தொடங்கும், எஞ்சின் பிடித்த பிறகு, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீற்றருக்குள் இருக்கும் மடலைக் காற்று தள்ளித் திறக்கும், அந்த மடலோடு இருக்கும் சுவிட்ச்தான் பம்பைத் தொடர்ந்து ஓட விடும். மற்றப் பல ஜப்பான் வண்டிகளில் திறப்பைத் திருப்பியதும் பின்னால் ‘ம்ம்ம்’ என்று இரண்டு செக்கன் கேட்குமே, அது இதில் கேட்காது. நல்ல பம்ப்பைக் கழற்றி இன்னொரு நல்ல பம்ப்பைப் பூட்டியிருக்கிறார்கள்.

சூட்டில் நின்று ஆறினால் ஓடும் வண்டியில் எதையும் ஊகித்து மாற்றக் கூடாது. நிற்கும் அந்த 20 நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சோதனை நேரம். வண்டி ஆறிவிட்டால் எல்லாமே நல்லதாகத்தான் காட்டும், அதனால்தான் கராஜுக்குப் போனால் பிடிபடுவதில்லை. அந்த நேரத்துக்குள் ஒரேயொரு விஷயத்துக்குப் பதில் எடுங்கள்: இல்லாமல் போனது பிளக்கில் அடிக்கும் நெருப்பா, பெற்றோலா?

நின்றதும் போனட்டைத் திறக்காதீர்கள். சீட்டில் இருந்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நல்ல வண்டியில் முள் கொஞ்சமாவது எழும்பித் துடிக்கும். பூச்சியத்திலேயே செத்துக் கிடந்தால் நெருப்புப் பக்கம்தான் பிழை, அநேகமாக, எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சரில் இருந்து சிக்னல் வரவில்லை. அது எஞ்சின் ஹெட்டின் பின்பக்கம், எஞ்சினுக்கும் சீட்டுக்கும் இடையில் உள்ள தகரச் சுவரோடு ஒட்டி, ஹீட்டர் ஹோஸ்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனட்டுக்குள் ஆகச் சூடான, காற்றே போகாத மூலை அது.

முள் துடித்தால் பெற்றோல் பக்கம் போகலாம். போனட்டுக்குள் மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். திறப்பை ஓன் செய்துவிட்டு அதில் எஃப்/பி, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பம்ப் ஓட வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிடுங்கள். பெற்றோல் மணம் வந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கல்லடி ரோட்ஸ்டர்

அண்ணே, நானா, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மத்தியானம் வேண்டுமென்றே போனேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு. களுவாஞ்சிகுடி வரை போகத் தேவைப்படவில்லை, ஆரையம்பதிச் சந்தியிலேயே நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றினேன், ஆர்பிஎம் முள் அசையவே இல்லை. மூன்று தரம் பார்த்தேன். ரிலேயில் தம்பி கை வைத்திருந்தான், ஒவ்வொரு தரமும் டிக் என்றுதான் தட்டியது. 18 நிமிடம் கழித்துத் திரும்பச் சுற்றியபோது முள் துடித்தது, எஞ்சினும் பிடித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது சென்சரையே மாற்றவா? பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று இருக்கிறதாம்.

அக்கரைப்பற்று வயர்காரன்

இன்னும் வாங்காதீர்கள். சென்சர் போயிருக்கலாம், அதற்குப் போகும் வயரும் போயிருக்கலாம். முப்பது வருடம் அந்த மூலையில் வெந்த வயர் அது.

எஞ்சின் ஆறிய பிறகு சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நாலு வயர் இருக்கும்: ஒன்று 12 வோல்ட், ஒன்று ஏர்த், மற்ற இரண்டும் சிக்னல். திறப்பை ஓன் செய்து மல்டிமீற்றரால் 12 வோல்ட்டையும் ஏர்த்தையும் அளந்துகொண்டே வயரை மெதுவாக வளையுங்கள். அளவு விட்டுவிட்டு வந்தால் பிழை வயரில்தான்.

சரியாக இருந்தால் திறப்பை ஓஃப் செய்துவிட்டுச் சென்சரைக் கழற்றுங்கள். 12 மில்லிமீற்றர் சாவி போடும் ஒரே ஒரு போல்ட்தான். கழற்றுவதற்கு முன் சென்சருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள், டைமிங், அதாவது நெருப்பு அடிக்கும் நேரம், அதில்தான் நிற்கிறது. பிறகு பிளக்கைத் திரும்பப் பூட்டி, திறப்பை ஓன் செய்து, சென்சரின் தண்டைக் கையால் சுற்றுங்கள். இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்று அடிக்கும். அப்புறம் ஹெயார் டிரையரால் சென்சரை ஐந்தாறு நிமிடம் சூடாக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். சூட்டில் டிக் நின்றால்தான் சென்சருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

வாழைச்சேனை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்சரைக் கழற்றும் நேரத்தில் அதன் ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள். பழையது பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருக்கும். அதில் கசியும் ஒயில் பின்னால் வழிந்து கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும், பார்க்கிறவர்கள் கிராங்க் பின் சீல் போய்விட்டது என்று கியர்பொக்ஸையே இறக்குவார்கள். நான் இறக்கியவன். இரண்டு நாள் வேலை, சீல் நன்றாக இருந்தது.

மாரி தொடங்குவதற்கு முன் கதவுக்குப் பின்னால், கூரைத் துணி மடியும் மூலையில் இருக்கும் இரண்டு தண்ணி வடியும் ஓட்டைகளையும் துப்புரவாக்குங்கள். அடைத்திருந்தால் மழைத்தண்ணி கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகரத்தில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இந்த வண்டிகள் எஞ்சினால் சாவதில்லை, அந்தத் தகரத்தால்தான் சாகின்றன.

கல்லடி ரோட்ஸ்டர்

கண்டுபிடித்துவிட்டேன். சென்சர் நல்லது. அக்காவின் ஹெயார் டிரையரால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கியும் இன்ஜெக்டர் டிக் டிக் என்றே அடித்தது. பிழை வயரில். பிளக்கில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி 12 வோல்ட் வயரை வளைத்தபோது மீற்றர் பூச்சியத்துக்கு விழுந்தது. மேலுறையில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. பிளேட்டால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன், உள்ளே செம்பு முழுக்கப் பச்சையாகி மாப்போல உதிர்ந்தது, இரண்டே இரண்டு இழைதான் மிச்சம். சூடானதும் விரிந்து அதுவும் விட்டுப்போகும் என்று நினைக்கிறேன்.

பச்சை இல்லாத இடம் வரை வெட்டிப் புது வயர் வைத்து சாலிடர் செய்தேன், சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன், மற்ற மூன்று வயரையும் அதே நீளத்துக்கு மாற்றினேன். ஓ-ரிங்கும் புதிது. நேற்றும் இன்றும் மத்தியானம் 1 மணிக்குப் புறப்பட்டு அக்கரைப்பற்று வரை போய் வந்தேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அண்ணே, உங்கள் ஊரைத் தாண்டும்போது உங்களைத்தான் நினைத்தேன்.

அக்கரைப்பற்று வயர்காரன்

மனம் குளிர்ந்தது தம்பி. பழைய பம்ப்பை எறிந்துவிடாதீர்கள், அது நல்ல பம்ப், துடைத்துக் கட்டி வையுங்கள். சென்சரைக் கழற்றிப் பூட்டியதால் கோட்டை மட்டும் நம்பாமல் டைமிங் லைட் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன் முனையை ஜிஎன்டியோடு இணைத்துப் பார்த்தால், 850 ஆர்பிஎம்மில் டைமிங் 10 டிகிரி இருக்க வேண்டும். அந்த வயரைப் போடாமல் பார்த்தால் ஈசியூ தன் பாட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், அளவு பிழைக்கும்.

கல்லடி ரோட்ஸ்டர்

டைமிங் லைட் என்னிடம் இல்லை அண்ணே. மட்டக்களப்புப் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

காத்தான்குடி நானா

என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வண்டியைக் கொண்டு வாருங்கள், கால் மணி நேர வேலை. அந்தப் பற்றரியையும் அப்போதே பார்த்துவிடுவோம்.