புதுப்பிப்பு: 12 சதவீத வரியை மாற்றப் போய்ப் பழைய பில்கள் குழம்பிய விஷயம்

ஸ்டேஷனரி கடைக்கான ஆன்லைன் கணக்கு மென்பொருளில், 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி மாற்றத்துக்காக 12 சதவீதத்தை அப்படியே 5 என்று திருத்திவிட்டேன், வரைவில் இருந்த பழைய பில்களும் மாறிவிட்டன என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

முதலில் பழைய விகிதத்தை மீண்டும் 12 ஆக்கினேன். அதைத் தொடவே கூடாது. புது விகிதத்தைத் தனியாகச் சேர்த்து, பொருள் பட்டியலில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5. நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரியே இல்லை. பொருள் பட்டியலைக் கோப்பாக எடுத்து, அதில் மாற்றி, மென்பொருளில் மீண்டும் ஏற்றியதால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் பெரிய சிக்கல். ஒரு பள்ளிக்கு மாதாமாதம் தானாகப் போகும் பில்லில் நோட்டுக்குப் பழைய 12 அப்படியே உட்கார்ந்திருந்தது. பொருளில் மாற்றினாலும் தொடர் பில்லிலும், ஏற்கெனவே கொடுத்த கொட்டேஷனிலும் மாறுவதில்லை. தயவுசெய்து அவற்றைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

சரக்கு முன்பே போய், பில் பிறகு போட்டால்? சரக்கு போனது, பில் போட்டது, பணம் வந்தது ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு செப்டம்பர் 22-ஆம் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய விகிதம்தான். இரண்டு பிறகு என்றால் புதியது. ஆகஸ்டில் விற்ற ஜியோமெட்ரி பாக்ஸ் திரும்பி வந்தபோது கிரெடிட் நோட்டை (பழைய பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) 12-இலேயே போட்டேன். பழைய விகிதத்தை அழிக்காமல் வைத்தது அங்கேதான் உதவியது.

நோட்டுப் புத்தகத்துக்கு இப்போது வரி இல்லாததால், கையிருப்பில் உள்ள நோட்டுகளுக்கு எடுத்திருந்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கை ஆடிட்டர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.